நம்மவர் என்பது மட்டும் போதுமா? கிறிஸ்தவ வாக்காளரும் சக விசுவாசியான தலைவரும்

விசுவாசி அரசியலில் தலையிட மாட்டான் என்பது பிரேசிலின் பெந்தேகொஸ்தே சபைகளில் நெடுங்காலம் வழங்கிவந்த பேச்சு. 1964இல் தொடங்கிய ராணுவ ஆட்சி 1985இல் முடிந்தது. மறு ஆண்டு, புதிய அரசியல் சட்டம் எழுதும் பேரவைக்குத் தேர்தல் வந்தபோது அந்தப் பேச்சு அடியோடு மாறிப்போயிற்று. கத்தோலிக்கத் திருச்சபை பழைய அரசு மத அந்தஸ்தைத் திரும்பப் பெற்றுவிடும், மற்றச் சபைகளின் வழிபாட்டு உரிமை பறிபோகும் என்ற அச்சம் சபை சபையாகப் பரவியது. சகோதரன் சகோதரனுக்கே வாக்களிப்பான் என்ற பொருளில் ஒரு புத்தகம் வந்தது, அதன் தலைப்பே முழக்கமும் ஆனது. சபைத் தலைமை கைகாட்டியவர்கள் தேர்தலில் நின்றார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட புராட்டஸ்டன்ட் உறுப்பினர்கள் பேரவைக்குள் நுழைந்தார்கள்.

அவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. ஜனாதிபதி சார்னியின் பதவிக்காலத்தை ஐந்து ஆண்டாக்க ஆதரவு திரட்டப்பட்டபோது வானொலி, தொலைக்காட்சி உரிமங்கள் வாரி வழங்கப்பட்டன. பெற்றுக்கொண்டவர்களில் சபைகளின் பிரதிநிதிகளும் இருந்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 2006இல், ஆம்புலன்ஸ் வண்டிகளை அதிக விலைக்கு வாங்க பட்ஜெட்டில் திருத்தம் சேர்த்துக் கமிஷன் பெற்ற ஊழல் வெளியானது. குற்றம் சாட்டப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களில் கணிசமானோர் சபைகளின் ஆசீர்வாதத்தோடு வென்றவர்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் விசுவாசிகளே அவர்களில் பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே நாட்டில் 2018இல் நடந்தது இதைவிட யோசிக்க வைக்கிறது. நம் ஊரில் ஏ.ஜி. சபை என்று அறியப்படும் அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையைச் சேர்ந்த மரினா சில்வா அந்த ஆண்டு ஜனாதிபதி தேர்தலில் நின்றார். அமேசான் காட்டில் ரப்பர் பால் எடுக்கும் குடும்பத்தில் பிறந்து, பதின்ம வயதில்தான் எழுத்தறிந்து, சுற்றுச்சூழல் அமைச்சராகி, கொள்கைக்காகப் பதவியைத் துறந்தவர். சகோதரன் சகோதரிக்கு வாக்களிப்பதாக இருந்தால் அவருக்குத்தான் அளித்திருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்தது ஒரு சதவீதம். இறுதிச் சுற்றுக்கு முந்தைய கருத்துக் கணிப்புகளில், அணி சொல்லியிருந்த சுவிசேஷ சபையினரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஆதரித்தது ஜயீர் போல்சொனாரோவை. அவர் கத்தோலிக்கர். 2016இல் யோர்தான் நதியில் ஒரு பெந்தேகொஸ்தே போதகர் கையால் மூழ்கி எழுந்தபோதும் கத்தோலிக்கராகவே நீடித்தவர்.

ஆகவே இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. கிறிஸ்தவ வாக்காளர்கள் உண்மையில் விசுவாசத்தைப் பார்த்து வாக்களிக்கிறார்களா? அப்படி அளிப்பது சரியா? முதல் கேள்விக்கு வரலாறு தரும் விடை பலர் நினைப்பதைவிடச் சிக்கலானது. இரண்டாவதற்கு என் விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேட்பாளர் நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவர் என்பது தனியாக ஒரு காரணமாகாது. அதைக் காரணமாக்கும் சபை, ஆட்சியாளனைக் கண்டிக்கும் உரிமையை முன்பணமாகக் கொடுத்துவிடுகிறது.

வேதத்தைக் கொண்டு எதிர்வாதம் செய்பவர்கள் முதலில் காட்டுவது உபாகமம் 17ஆம் அதிகாரத்தை. இஸ்ரவேல் தனக்கு ராஜாவை ஏற்படுத்தும்போது சகோதரருக்குள் ஒருவனையே ஏற்படுத்த வேண்டும், அந்நியனை அல்ல என்று அங்கே இருக்கிறது. அந்த வசனத்தோடு வேதத்தை மூடிவிடுகிறவர்கள் அடுத்த வசனங்களைப் படிப்பதில்லை. ராஜா குதிரைகளைப் பெருக்கக்கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக்கூடாது, நியாயப்பிரமாணத்தைத் தன் கையால் பிரதி எழுதி நாள்தோறும் வாசிக்க வேண்டும், சகோதரர்மேல் தன் இருதயத்தை மேட்டிமையாக்கக்கூடாது. உறவைப் பற்றி ஒரு வசனம், நடத்தையைப் பற்றிப் பல வசனங்கள். பின்னால் வந்த ராஜாக்கள் ஏறத்தாழ எல்லோரும் சகோதரர்கள்தான். நாபோத்தின் திராட்சத் தோட்டத்துக்காக அவனைப் பொய்ச் சாட்சியால் கொல்லவிட்ட ஆகாபும் சகோதரன்தான். ஒப்பந்தத்தால் கட்டப்பட்ட ஒரு ஜனத்துக்குச் சொல்லப்பட்ட கட்டளையை, பல மதத்தார் சேர்ந்து வாழும் குடியரசின் வாக்குச்சாவடிக்கு அப்படியே கொண்டுவர முடியுமா என்ற கேள்வி வேறு இருக்கிறது.

யாத்திராகமம் 18இல் மோசேக்கு நிர்வாகம் கற்றுக்கொடுத்தவர் அவருடைய மாமனார் எத்திரோ. அவர் மீதியான் தேசத்து ஆசாரியர், வெளியார். திறமையுள்ளவர்களை, தேவனுக்குப் பயந்தவர்களை, உண்மையுள்ளவர்களை, பொருளாசையை வெறுக்கிறவர்களை அதிகாரிகளாக்கு என்பது அவர் ஆலோசனை. தேவபயம் அந்தப் பட்டியலில் இருக்கிறது, தனியாக இல்லை. சிறையிருப்பிலிருந்து யூதர்களை விடுவித்த பாரசீக ராஜா கோரேசு, தேவனை அறியாதவனாக இருந்தும் அபிஷேகம் பெற்றவன் என்று ஏசாயாவில் அழைக்கப்படுகிறான். பாபிலோனில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம், சிறைப்பட்டுப்போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொல்கிறது. எருசலேமில் தன் சொந்த ஜனத்தாரின் தலைவர்களிடம் நியாயம் கிடைக்காது என்று கண்ட பவுல் இராயனுக்கு அபயமிட்டார். அப்போது இராயனாக இருந்தவன் நீரோ.

கோரேசின் கதையும் தவறாகக் கையாளப்படுகிறது. அவனை யாரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. தேவன் யாரையும் பயன்படுத்துவார் என்பதிலிருந்து, நாம் யாருக்கும் வாக்களிக்கலாம் என்ற முடிவு வராது. அமெரிக்காவில் 2016இல் டொனால்டு டிரம்பைக் கோரேசோடு ஒப்பிட்ட போதகர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை. இன்னொரு குறிப்பு: மூடக் கிறிஸ்தவனைவிட அறிவுள்ள துருக்கியன் ஆள்வது மேல் என்று மார்ட்டின் லூத்தர் சொன்னதாக இரு தரப்பிலும் பலர் எழுதுகிறார்கள். அவர் எழுத்துகளில் அப்படி ஒரு வாக்கியம் கண்டெடுக்கப்படவில்லை. வாதத்தில் வலு இருக்கும்போது இரவல் பெயர் தேவையில்லை.

அமெரிக்காவின் அனுபவத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் சபைகளில் பலவற்றின் அரசியல் பார்வை இன்று அங்கிருந்து காணொளிகளாக வந்து சேர்கிறது. பதவிக்கு மதச் சோதனை கூடாது என்று அந்நாட்டு அரசியல் சட்டம் 1787லேயே எழுதிவைத்தது. மக்கள் மனதில் சோதனை நீடித்தது. 1928இல் கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் தோற்றதில் அவருடைய மதத்துக்குப் பங்கு உண்டு. 1960 செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன் நின்ற ஜான் கென்னடி, தான் கத்தோலிக்கர்களின் வேட்பாளர் அல்ல என்றும், பொது விஷயங்களில் தன் சபைக்காகத் தான் பேசுவதில்லை, சபையும் தனக்காகப் பேசுவதில்லை என்றும் விளக்கினார். அந்தத் தேர்தலில் கத்தோலிக்கர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அவருக்கு வாக்களித்தார்கள். நம்மவர் என்ற உணர்வு வெளிப்படையாக வேலை செய்த தேர்தல் அது. ஒதுக்கிவைக்கப்பட்ட சமூகம் தனக்கும் இந்த நாட்டில் இடம் உண்டு என்று நிரூபிக்க விரும்பியதை நான் குறை சொல்லத் தயாராக இல்லை. இடம் உறுதியான பிறகு என்ன ஆயிற்று என்பதைப் பாருங்கள். 2004இல் ஜான் கெர்ரி என்ற கத்தோலிக்கர் நின்றபோது கத்தோலிக்க வாக்குகளில் சிறு பெரும்பான்மை மெதடிஸ்ட்டான ஜார்ஜ் புஷ்ஷுக்குப் போனது.

புராட்டஸ்டன்ட் தரப்பில் 1976 முக்கியமான ஆண்டு. மறுபடியும் பிறந்தவன் என்று தயங்காமல் சொன்ன, ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த தென்னக பாப்டிஸ்ட் ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதியானார். நான்கே ஆண்டில், ஜெர்ரி ஃபால்வெல் 1979இல் தொடங்கிய மாரல் மெஜாரிட்டி போன்ற அமைப்புகள் அவரைக் கைவிட்டு ரொனால்டு ரீகன் பக்கம் போயின. ரீகன் விவாகரத்தானவர். கலிபோர்னியா ஆளுநராக இருந்தபோது 1967இல் கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டவர். 2012இல் மார்மன் சபையைச் சேர்ந்த மிட் ராம்னிக்கு வெள்ளையின சுவிசேஷ சபையினரில் நான்கில் மூவருக்கும் மேல் வாக்களித்தார்கள். அந்தச் சபை கிறிஸ்தவமே அல்ல என்று அதற்கு முந்தைய ஆண்டுவரை அவர்களுடைய போதகர்களில் சிலர் பிரசங்கித்திருந்தார்கள். 2016இல் அதே பிரிவினரில் 81 சதவீதம் பேர் டிரம்பை ஆதரித்ததாக வாக்குச்சாவடிக் கணிப்பு சொன்னது. எதிரே நின்ற ஹிலாரி கிளிண்டன் இளமை முதல் மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவர்.

இதையெல்லாம் கொள்கைக்கான வாக்கு என்று விளக்கலாம். நீதிபதிகள் நியமனம், கருக்கலைப்பு, மதச் சுதந்திரம் ஆகியவை அவர்களுக்கு ஆளைவிட முக்கியமாக இருந்தன. அது நேர்மையான வாதம். ஆனால் ஒரு கணக்கு உறுத்துகிறது. தனிவாழ்வில் ஒழுக்கம் தவறியவர் பொது வாழ்வில் நேர்மையாக நடக்க முடியுமா என்று பி.ஆர்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனம் கேட்டபோது, 2011இல் முடியும் என்ற வெள்ளையின சுவிசேஷ சபையினர் 30 சதவீதம். 2016இல் 72 சதவீதம். ஐந்தாண்டில் வேதம் மாறவில்லை, வேட்பாளர் மாறியிருந்தார். தென்னக பாப்டிஸ்ட் மாநாடு 1998இல், பில் கிளிண்டன் விவகாரத்தின்போது, ஆட்சியாளரின் ஒழுக்கம் பற்றிக் கடுமையான தீர்மானம் போட்டிருந்தது. கிளிண்டனும் தென்னக பாப்டிஸ்ட்தான். ஒரே வேதத்தைப் படித்து, ஒரே பாடல்களைப் பாடும் கறுப்பினச் சபைகள் இந்தக் காலம் முழுவதும் ஏறத்தாழ ஒட்டுமொத்தமாக எதிரணிக் கட்சிக்கே வாக்களித்து வந்திருக்கின்றன. அடிமைமுறையும் வாக்குரிமைப் போராட்டமும் அவர்களுக்கு வேறொரு அரசியல் நினைவைக் கொடுத்திருக்கின்றன.

சக விசுவாசி முழு அதிகாரத்தோடு ஆட்சியில் அமர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அறிய ஜாம்பியாவுக்குப் போக வேண்டும். 27 ஆண்டு ஆண்ட கென்னத் கவுண்டா ஒரு மிஷனரி போதகரின் மகன். ஆனாலும் கடைசிக் காலத்தில் ஓர் இந்திய குருவின் செல்வாக்குக்கு உட்பட்டார் என்று சபைகள் அவர்மேல் வருத்தத்தில் இருந்தன. தொழிற்சங்கத் தலைவரான ஃபிரெடரிக் சிலுபா சிறையில் இருந்தபோது மனந்திரும்பியவர். 1991 தேர்தலில் நான்கில் மூன்று பங்கு வாக்கு பெற்று வென்ற அவர், அந்த டிசம்பர் 29 அன்று ஜாம்பியாவைக் கிறிஸ்தவ நாடாக அறிவித்தார். பெந்தேகொஸ்தே சபைகள் ஆனந்தக் கண்ணீர் விட்டன. கத்தோலிக்க ஆயர்களையும் கிறிஸ்தவ கவுன்சிலையும் முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. 1996இல் அந்த அறிவிப்பு அரசியல் சட்டத்தின் முகவுரையில் ஏறியது. அதே 1996 சட்டம், பெற்றோர் இருவரும் பிறப்பாலோ வம்சாவளியாலோ ஜாம்பியராக இருந்தால்தான் ஜனாதிபதி தேர்தலில் நிற்க முடியும் என்று விதித்துக் கவுண்டாவை வெளியே நிறுத்தியது. முகவுரையில் கிறிஸ்துவின் பெயர், உள்ளே போட்டியாளரை விலக்கும் விதி.

2001இல் சிலுபா மூன்றாம் முறையும் பதவியில் தொடர முயன்றார். அவரைத் தடுத்ததில் பெரும்பங்கு சபைகளுடையது. கத்தோலிக்க ஆயர் பேரவை, கிறிஸ்தவ கவுன்சில், சுவிசேஷ ஐக்கியம் மூன்றும் வழக்கறிஞர் சங்கத்தோடும் பெண்கள் அமைப்புகளோடும் சேர்ந்து ஒயாசிஸ் மன்றம் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. மே மாதம் சிலுபா பின்வாங்கினார். 2007இல் லண்டன் உயர் நீதிமன்றம், சிவில் வழக்கொன்றில், அவரும் கூட்டாளிகளும் அரசுப் பணம் பல கோடி டாலரை மோசடி செய்ததாகத் தீர்ப்பளித்தது. ஜாம்பியாவின் குற்றவியல் நீதிமன்றம் 2009இல் அவரை விடுவித்தது. சட்டத்தின் கண்ணில் விவகாரம் அப்படி முடிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது ஒயாசிஸ் மன்றம். அறிவிப்புக்குக் கைதட்டிய சுவிசேஷ ஐக்கியம், பத்தாண்டு கழித்து அதே மனிதரைப் பார்த்துப் போதும் என்று சொல்லத் துணிந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை குறைவல்ல, ஏனென்றால் எதிர்க்க வேண்டியிருந்தது சகோதரனை.

குவாத்தமாலாவில் அந்தத் துணிவு வரவில்லை. 1982 மார்ச்சில் ராணுவப் புரட்சியால் அதிகாரத்துக்கு வந்த எஃப்ராயின் ரியோஸ் மோன்ட், கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒரு சபையின் தீவிர உறுப்பினர். ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் குடும்ப ஒழுக்கம் பற்றிப் பிரசங்கித்தார். அதே மாதங்களில் ராணுவம் மலைநாட்டில் மாயா இனத்து கிராமங்களை எரித்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் பிரபல தொலைக்காட்சிப் போதகர் பேட் ராபர்ட்சன் அவரைப் புகழ்ந்து ஆதரவு திரட்டினார். 1999இல் ஐ.நா. ஆதரவு பெற்ற உண்மை அறியும் ஆணையம், 1980களின் தொடக்கத்தில் மாயா மக்கள்மீது இனப்படுகொலைச் செயல்கள் நடந்தன என்று அறிவித்தது. 2013 மே 10 அன்று ரியோஸ் மோன்ட் இனப்படுகொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. பத்து நாளில் அரசியல் சட்ட நீதிமன்றம் நடைமுறைக் காரணம் காட்டி அதை ரத்து செய்தது. மறுவிசாரணை முடியும் முன்பே, 2018இல், அவர் இறந்தார். கொல்லப்பட்ட இக்ஸில் மாயா மக்களிலும் கிறிஸ்தவர்கள் ஏராளம். ஞாயிறு பிரசங்கத்தைக் கேட்டு நம்மவர் என்று மகிழ்ந்த நகரத்து விசுவாசிக்கு, மலையில் செத்த விசுவாசி நம்மவராகத் தெரியவில்லை.

பெரும்பான்மைச் சமூகத்தின் கதைகளை வைத்துச் சிறுபான்மையினருக்குப் பாடம் சொல்வது நியாயமில்லை என்று வாசகர் ஒருவர் கேட்கலாம். இந்தக் கேள்வியை மதிக்கிறேன். இந்தியாவில் கிறிஸ்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் 2.3 சதவீதம். ஆராதனைக் கூட்டத்தில் கல் விழும்போது, கல்லறைக்கு நிலம் மறுக்கப்படும்போது, சட்டமன்றத்தில் எழுந்து கேட்க நமக்கு ஓர் ஆள் வேண்டாமா? இது ஆசையால் வரும் வாதமல்ல, பயத்தால் வருவது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது.

இதே வாதம் நூறாண்டுக்கு முன் சென்னை மாகாணத்தில் நடந்தது. 1919 சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் சென்னை சட்டமன்றத்தில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி கிடைத்தது. கிறிஸ்தவரைக் கிறிஸ்தவரே தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அது. லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அதைத் தொடர வேண்டுமா என்ற கேள்வி வந்தபோது இரண்டு தமிழ்க் கிறிஸ்தவர்கள் இரண்டு விடை சொன்னார்கள். சேலத்தில் பிறந்து, ஒய்.எம்.சி.ஏ.யின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலாளரான கே.டி. பால் தனித்தொகுதியை எதிர்த்தார். கிறிஸ்தவர்கள் தங்களைத் தனியே பூட்டிக்கொண்டால் நாட்டுக்குப் பயன்படாமல் போவார்கள் என்பது அவர் கவலை. நீதிக்கட்சியின் சர் ஏ.டி. பன்னீர்செல்வம், அம்பேத்கர், ஆகா கான் முதலியோரோடு 1931இல் சிறுபான்மையினர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனித்தொகுதியைக் கேட்டார். 1932 ஆகஸ்டு வகுப்புவாரித் தீர்ப்பு பன்னீர்செல்வத்தின் பக்கம் நின்றது. 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபை மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டையே கைவிட்டபோது கே.டி. பாலின் பக்கம் வென்றது. சிறுபான்மையினர் துணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் வங்காளக் கிறிஸ்தவரான ஹரேந்திர கூமர் முகர்ஜி. சென்னையிலிருந்து சென்றிருந்த இயேசு சபைத் துறவி ஜெரோம் டிசௌசாவும் அந்த முடிவை ஏற்றார்.

ஏமாந்தார்களா? சிலர் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1948 டிசம்பரில், மதத்தைப் பரப்பும் உரிமை என்ற சொற்களை அரசியல் சட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்று சபையில் சிலர் வாதாடியபோது, அவற்றைக் காக்க எழுந்தவர்களில் மூவர் சென்னை மாகாணத்து இந்துக்கள்: எல். கிருஷ்ணசாமி பாரதி, கே. சந்தானம், டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் பதினான்கு ஆண்டு படித்தும் தன்னை யாரும் மதம் மாற்ற முயலவில்லை என்று டி.டி.கே. அங்கே சொன்னார். இன்று 25ஆம் பிரிவில் அந்தச் சொற்கள் இருப்பதற்கு அவர்களும் காரணம். இந்தியக் கிறிஸ்தவனின் மிக அடிப்படையான உரிமைகளில் ஒன்றைக் கிறிஸ்தவர் அல்லாதவர்கள் வாதாடிப் பெற்றுத் தந்தார்கள். நம் ஆள் ஒருவர் உள்ளே இருந்தால் போதும் என்ற கணக்கில் இதற்கு இடமே இல்லை. 2.3 சதவீதம் தன் ஆட்களை மட்டும் நம்பினால் எந்தச் சட்டத்தையும் நிறைவேற்ற முடியாது, எதையும் தடுக்கவும் முடியாது.

தமிழ்நாட்டில் கிறிஸ்தவ வாக்குக்கு உண்மையான எடை உள்ள இடம் கன்னியாகுமரி மாவட்டம். 2011இல் அங்கே கிறிஸ்தவர் ஏறத்தாழ 47 சதவீதம். 1968இல் நாகர்கோவில் எம்.பி.யாக இருந்த மார்ஷல் நேசமணி இறந்தார். 1969 ஜனவரி இடைத்தேர்தலில் காங்கிரஸ் சார்பில் காமராஜர் நின்றார். எதிரே தி.மு.க. ஆதரவோடு நின்ற சுதந்திராக் கட்சி வேட்பாளர் டாக்டர் மத்தியாஸ், கிறிஸ்தவர். காமராஜர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கிறிஸ்தவ வாக்குகள் பெருமளவில் விழாமல் அந்தத் தொகுதியில் அப்படியொரு வெற்றி சாத்தியமில்லை. சாதி உறவும் அங்கே வேலை செய்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் காமராஜர் ஆட்சி தந்த பள்ளிகளும் மதிய உணவும் குமரியின் கடற்கரையிலும் மலையடிவாரத்திலும் எல்லார் வீட்டுப் பிள்ளைகளையும் சென்றடைந்திருந்தன. அந்தத் தாய்மார்கள் எந்தச் சபை என்று பார்த்து வாக்களிக்கவில்லை.

கடலுக்கு அப்பால் இதன் மறுபக்கம் நடந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழர் பெரும்பான்மையும் சைவர்கள். அவர்கள் தந்தை என்று அழைத்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் கிறிஸ்தவர். மதத்தைச் சுட்டிக்காட்டி அவருக்கு எதிராகப் பிரசாரம் நடந்ததுண்டு. 1952இல் காங்கேசன்துறையில் தோற்றார். 1956 முதல் இறக்கும்வரை அதே சைவ மக்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். தெற்கில் அதே காலத்தில், ஆங்கிலிக்கக் குடும்பங்களில் பிறந்த பண்டாரநாயக்காவும் ஜெயவர்த்தனாவும் பௌத்தர்களாகிப் பெரும்பான்மையின் தலைவர்களானார்கள். மனதார மாறினார்களா என்பது அவர்களுக்கும் கடவுளுக்கும் இடையிலான விஷயம். வாக்காளர் மதத்தைக் கேட்டால் அரசியல்வாதி மதத்தைக் கொண்டுவந்து கொடுப்பார் என்பதை மட்டும் மனதில் கொள்வோம். செல்வநாயகத்தை ஏற்ற சைவ வாக்காளரிடமிருந்து கிறிஸ்தவ வாக்காளர் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

எல்லா வேட்பாளரும் கிறிஸ்தவராக இருக்கும் இடத்தில் என்ன ஆகும்? நாகாலாந்தில் 88 சதவீதம், மிசோரத்தில் 87 சதவீதம் கிறிஸ்தவர். அங்கே விசுவாசத்தைப் பார்த்து ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்தறிய முடியாது. வாக்குக்குப் பணம், மாற்றான் வாக்கைப் போடுவது, குலத்தலைவர் சொல்லுக்குக் கட்டுப்படுவது எல்லாம் நாகாலாந்தில் இருக்கின்றன. நாகா பாப்டிஸ்ட் சபைக் கவுன்சிலே தூய தேர்தல் இயக்கம் நடத்த வேண்டியிருக்கிறது. 2018இல் இந்துத்துவத்துக்கு எதிராக அந்தக் கவுன்சில் விசுவாசிகளுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்துக்குப் பிறகும் பா.ஜ.க. 12 இடம் வென்று ஆட்சியில் பங்கு பெற்றது. அந்தச் சட்டமன்றத்துக்கு ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்பட 2023வரை ஆயிற்று. மிசோரத்தில் பிரஸ்பிட்டேரியன் சபையின் முன்முயற்சியில் 2006இல் உருவான மிசோரம் மக்கள் மன்றம் வேறு வழியில் போனது. யாருக்கு வாக்களி என்று அது சொல்வதில்லை. வேட்பாளர்கள் எல்லோரையும் ஒரே மேடையில் ஏற்றி வாக்காளர் முன் பேசவைக்கிறது, விருந்தையும் வீண் செலவையும் வீடு வீடாகப் போவதையும் கட்டுப்படுத்துகிறது. மன்றத்தின் கெடுபிடி அதிகம் என்ற குறை உண்டு. தேர்தல் ஆணையம் செய்ய வேண்டியதைச் சபை செய்யலாமா என்ற கேள்வியும் உண்டு. இருந்தும், ஒரு சபை தேர்தலில் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடச் சிறந்ததை நான் அறியேன்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு மிசோரம்கூடத் தேவையில்லை. திருமண்டலத் தேர்தல்களைப் பார்த்தவர்கள் நாம். வாக்காளர், வேட்பாளர், தேர்தல் நடத்துபவர் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அணி பிரிவது சாதியாலும் பள்ளி, கல்லூரி நிர்வாகப் பதவிகளாலும். வழக்குகள் உயர் நீதிமன்றம்வரை போய், ஓய்வுபெற்ற நீதிபதிகளை நிர்வாகிகளாக நியமிக்கும் நிலை வந்திருக்கிறது. சகவிசுவாசம் நல்ல நிர்வாகத்தை உறுதி செய்யும் என்பதற்கு எதிரான சான்றை நம் சபை அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டு, நாடாளுமன்றத்துக்கு மட்டும் அந்தச் சூத்திரத்தை நீட்டுவது பொருந்தாது. இந்தச் சூத்திரத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதைச் சட்டமும் அனுமதிப்பதில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதைத் தேர்தல் முறைகேடு என்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2017 ஜனவரி 2 அன்று, நான்குக்கு மூன்று என்ற கணக்கில், தீர்ப்பளித்தது.

நம்மவர் என்ற சொல் யாரை உள்ளே சேர்க்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும். 1950 ஜனாதிபதி ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. தலித் கிறிஸ்தவர்களுக்கும் தலித் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை இல்லை. மத அடிப்படையிலான அந்தத் தடையை நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட 44 தனித்தொகுதிகளில் ஒன்றில்கூட ஒரு தலித் கிறிஸ்தவர் தன் விசுவாசத்தை அறிக்கை செய்துகொண்டு நிற்க முடியாது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவரின் கல்லறைகளைப் பிரித்த சுவரை எழுப்பியவர்களும் கிறிஸ்தவர்கள்தான். கிறிஸ்தவர் ஒருவர் எம்.எல்.ஏ. ஆகிவிட்டார் என்று ஊர் கொண்டாடும்போது, சேரித்தெருச் சபையில் இருப்பவர் அதில் தன் வெற்றியைக் காண வேண்டும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு ஆலய வாசலுக்கு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், அவர் எந்த மதத்தவராக இருந்தாலும், சபைகள் இதைக் கேட்கட்டும். அந்த மூன்றாம் பத்தியை நீக்கக் கோரி உங்கள் கட்சியில் பேசியிருக்கிறீர்களா, அவையில் தீர்மானம் கொண்டுவருவீர்களா? ஜெபக்கூட்டம் தாக்கப்படும்போதும் பள்ளிவாசல் தாக்கப்படும்போதும் ஒரே குரலில் பேசுவீர்களா? சொத்துக் கணக்கில் காட்டியிருக்கும் நிலம் எப்படி வந்தது? விடைகளை எழுதி ஆலய அறிவிப்புப் பலகையில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவைக்கலாம். நம் சபை வேட்பாளரின் விடையும் அதே தாளில், அதே அளவு எழுத்தில் இருக்கட்டும்.